‘பி’ வரை படித்த புரோகிராமர்

புத்தகத்தை நடுவில் திறந்து, தனக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குத் தீராத பொறாமை உண்டு. என்னால் அது முடியாது. முதல் அட்டையில் ஆரம்பித்து, அச்சிட்டவர் முகவரி, பிழைதிருத்தம், முன்னுரை எல்லாவற்றையும் கடந்துதான் முதல் பாடத்துக்கு வருவேன். டெலிபோன் டைரக்டரியில் ஓர் எண்ணைத் தேடும்போதுகூட, தாண்டிப் போகும் பெயர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற ஆள் நான்.

இந்த நல்ல பழக்கத்தால்தான், சிங்கப்பூரில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றை, ஒரு விஜயதசமி காலையில், பெரிய துரையின் கண் முன்னால், ஐம்பது முறை நிறுத்தி வைத்தேன். பழுதாக்கவில்லை. பழுதாக்கியிருந்தால் கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும்.

அறுபதுகளின் பிற்பாதி அது. கட்டடப் பொறியாளர்கள் அலுவலகம் ஒன்றில் நான் குமாஸ்தா. குவீன்ஸ்டவுன் பக்கம் அடுக்குமாடி வீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலம். தூண் எவ்வளவு தடிமன், உத்திரம் எவ்வளவு நீளம் என்று பொறியாளர்கள் கணக்குப் போடுவதற்கு வேண்டிய வாய்பாடுகளை அழகான கையெழுத்தில் நகலெடுத்துக் கொடுப்பது என் வேலை. என் ஏழு, ஒன்றைப் போலத் தெரியாது என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. (வாழ்க்கையில் வேறு பெயர் எதுவும் இல்லாததால் இதை இரண்டு தரம் சொல்வேன்.)

அப்படிப்பட்ட இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடி அறை கட்டினார்கள். குளிர்சாதனம் வைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் குளிர்சாதனம் இருந்த அறைகள் இரண்டுதான்: ஒன்று பெரிய துரைக்கு, மற்றது அதற்கு. அதைக் கட்டி மேய்க்க வந்தவர் மிஸ்டர் செல்லத்துரை. யாழ்ப்பாணத்து மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து. மனைவியின் கையைப் பிடிப்பதைவிட மெதுவாகத்தான் அந்தக் கம்ப்யூட்டரின் பொத்தான்களைத் தொடுவார் என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் அவர் என்னையும், பக்கத்து மேசைச் சீனப் பையன் லிம்மையும் கூப்பிட்டு, அவனுக்கு ஆங்கிலத்திலும் எனக்குத் தமிழிலும் சொன்னார். யாரையும் ‘ஐசே’ என்றுதான் விளிப்பார்.

“ஐசே, எனக்கு ஒரு உதவியாள் வேணும். புரோகிராம் எழுதத் தெரிஞ்ச ஆள். நீங்கள் ரெண்டு பேரும் மனுப் போட்டிருக்கிறீங்கள். ஒரு ஆளுக்குத்தான் கதிரை இருக்கு. பதினைஞ்சாம் நாள் பரீட்சை.”

(அவர் ஊரில் நாற்காலிக்குக் கதிரை என்று பெயர்.) பரீட்சை இதுதான். ஒன்றிலிருந்து ஐம்பது வரையுள்ள எண்களுக்கு வர்க்கமூலம் கண்டுபிடித்து, வரிசையாக அச்சிட வேண்டும். ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுத வேண்டும். வர்க்கமூலத்துக்கு என்ன சொல் போட வேண்டும் என்பதை மட்டும் அவரே கரும்பலகையில் எழுதிக் காட்டினார். மற்றதை நாங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

“எதைப் பாத்துப் படிக்கிறது சார்?”

“புத்தகத்தை நீங்களே தெரிவு செய்யுங்கோ. என்ர ஃபைலைத் தொடப்படாது. எந்தப் புத்தகத்தை எடுக்கிறீங்கள் எண்டதிலேயே பாதி விளங்கிடும் எனக்கு.”

கம்ப்யூட்டர்காரர்கள் அனுப்பிய ஒரே விளக்கக் கோப்பு அவருடைய அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அவர் இடுப்பில்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு ஒன்று உறைத்தது. வாய்பாடுகளை இனி கம்ப்யூட்டரே அச்சடித்துவிடும். அப்புறம் அழகான ஏழு யாருக்கு வேண்டும்? ஒன்று, நான் கண்ணாடி அறைக்கு உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். நடுவில் எனக்கு நாற்காலி கிடையாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தோடு இருந்த உறவு, ஒரு பள்ளியின் வாசல் கேட்டுக்குக் கீல் மாட்டிக் கொடுத்தது மட்டும்தான். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடையில் அவருக்கு வேலை. சங்கிலி, ஆணி, தாழ்ப்பாள் எதுவானாலும் உள்ளங்கையில் ஏந்தினால் எடை சொல்வார். எடை தெரிந்ததும் தரம் சொல்வார். “கனமா இருக்கா? நல்ல சாமான்.” அவருடைய கல்வி முழுவதும் இந்த ஒரு வரிதான். அது ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை, நான் புத்தகம் வாங்கப் போகும்வரை.

ஞாயிற்றுக்கிழமை பிராஸ் பாசா சாலைக்கு இருவரும் போனோம். நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். “சாமான் வாங்கத் தெரியாதுடா ஒனக்கு” என்று அப்பாவும் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிட்டார்.

நாங்கள் போன பழைய புத்தகக் கடை ஒரு நாகூர்க்காரருடையது. எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். பரீட்சைக் கைடுகள், கேக் செய்முறைகள், கப்பல் எஞ்சின் படங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எதைக் கேட்டாலும் குனியாமல் எடுத்துக் கொடுப்பார்.

“ஃபோர்ட்ரானா? ரெண்டு இருக்கு தம்பி. ஒண்ணு மெல்லிசு. ஒண்ணு தடிச்சது.”

மேசையில் வைத்தார். மெல்லிசு, பள்ளிக்கூட நோட்டு அளவு. தடித்தது, அம்மி அளவு. அப்பா வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று ஏந்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இது என்ன நானா, அப்பளம் மாதிரி இருக்கு?”

“அது படிச்சுக் கத்துக்கிற புத்தகங்க. அந்தத் தடிச்சது, கத்துக்கிட்டவங்க சந்தேகம் வந்தா பொரட்டிப் பாக்குறது.”

“அப்ப கத்துக்கிட்டவங்க வச்சிருக்கறதையே குடுங்க. கத்துக்காதவன் புத்தகம் நமக்கு எதுக்கு?”

நானா என்னைப் பார்த்தார். “தம்பி, படிச்ச புள்ள நீங்க, நீங்களாச்சும் சொல்லுங்க.”

படித்த பிள்ளை மெல்லிசைத் திறந்து பார்த்தான். ‘பயப்பட வேண்டாம்’ என்று ஆரம்பித்தது முன்னுரை. எனக்குச் சுருக்கென்றது. பயமா? எனக்கா? அடுத்த பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சிரித்துக்கொண்டிருப்பது போலப் படம் வேறு. இதைக் கையில் வைத்துக்கொண்டு செல்லத்துரை முன்னால் போய் நின்றால், எந்தப் பாதி அவருக்கு விளங்கும்? தடித்ததில் படமே இல்லை. அட்டையில் தங்க எழுத்து. உள்ளே எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் எதுவும் புரியவில்லை. இதுதான் சரியான புத்தகம் என்று முடிவு செய்தேன்.

“தடிச்சதே இருக்கட்டும் நானா.”

“ரெண்டு வருஷமா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது. எடுத்துட்டுப் போனா எனக்குச் சந்தோஷம்தான் லா. ஆனா தம்பி…”

‘லா’ சிங்கப்பூர்ப் பேச்சின் முற்றுப்புள்ளி. அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அப்பா புத்தகத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

பஸ்ஸில் தங்க எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டார். தேக்காவில் இறங்குவதற்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். “என் மகன் கம்பூட்டருக்குப் படிக்கிறான்” என்று நாலு பேருக்கும் பதில். மறுநாள் மத்தியானத்துக்குள் ஜாலான் புசார் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு பூட்டு வியாபாரி என்னை நிறுத்தி, அவர் கடிகாரத்தைப் பழுது பார்க்க முடியுமா என்று கேட்டார்.

வீட்டில் அம்மா அதற்குக் காக்கித் தாளில் அட்டை போட்டாள். தங்க எழுத்து மறைந்துவிட்டது என்று அப்பா சண்டை. அம்மா கத்தரியால் தாளில் ஒரு சன்னல் வெட்டி, எழுத்து மட்டும் எட்டிப் பார்க்கும்படி செய்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சன்னலை அவ்வளவு நேராக என்னாலும் வெட்ட முடியாது.

நான் அட்டவணை போட்டேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினாலு நாள். நாளுக்குச் சுமார் முப்பது பக்கம். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பக்கம். சுவரில் ஒட்டினேன்.

முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் முழுக்க அகராதி மாதிரி, ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தது. ஃபோர்ட்ரானில் உள்ள ஒவ்வொரு கட்டளைச் சொல்லும் ஏ, பி, சி என்று வரிசை பிடித்து நின்றது. வேறு யாராக இருந்தாலும், ‘ஓகோ, இது தேடிப் பார்க்கிற புத்தகம்’ என்று விளங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டதே பள்ளியில் பரிசாகக் கிடைத்த அகராதியை முதலிலிருந்து படித்துத்தான். (எம் வரைக்கும் வந்தபோது பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. இன்றைக்கும் ஏ முதல் எம் வரை என் ஆங்கிலம் பிரமாதமாக இருக்கும்.)

உட்கார்ந்து படிக்க முடியவில்லை. கால் நிற்கவில்லை. சிராங்கூன் சாலையில் படித்துக்கொண்டே நடப்பேன். பூமாலைக் கடை, மாவு மில், கிளி ஜோசியர், திரும்ப மாவு மில். ‘சி’யில் மூன்று நாள். ‘டி’யில் ஒரே சொல்லுக்கு ஒன்றரை நாள். புரியாமல் பக்கம் திருப்பக் கூடாது என்று எனக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அடிக்கடி ஒரு தொந்தரவு. பாதி விளக்கிவிட்டு, ‘இதன் தொடர்ச்சிக்கு டபிள்யூவில் ரைட் என்ற சொல்லைக் காண்க’ என்று போட்டிருக்கும். ரைட் என்றால் எழுது. அதை உடனே போய்ப் பார்க்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் ‘வரும்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். ‘எஃப்’ முடிவதற்குள் பதினோரு ‘வரும்’.

இதற்கிடையில் லிம் நிம்மதியாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். மெல்லிசை நானாவிடம் வாங்கியவன் அவன்தான் என்று பிற்பாடு தெரிந்தது. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம்; தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“எதுவரைக்கும் வந்தே?”

“எஃப்.”

“எஃப்னா?”

“ஆறாவது எழுத்து.”

லிம் கடலை மெல்லுவதை நிறுத்தினான். “ஒடம்புக்கு ஏதும் முடியலையா? வேணும்னா என் புத்தகத்தைத் தரேன் லா. நான் முடிச்சுட்டேன்.”

போட்டியாளனிடம் கடன் வாங்குவதா? “எங்கிட்டப் பெரிய புத்தகமே இருக்கு” என்றேன். அந்த வாக்கியத்தை என் கல்லறையில் எழுதலாம்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது பதினாறாவது எழுத்தான ‘பி’க்கு வந்தேன். ‘பாஸ்’ என்று ஒரு சொல். பொருள்: சற்று நில். இந்தச் சொல்லைப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். ஆள் வந்து பொத்தானை அமுக்கினால் மேலே போகும். அடடா, என்ன மரியாதையான சொல் என்று நினைத்தேன். படித்து முடித்து, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் புத்தகத்தைக் காணோம்.

சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. மஞ்சள் துணி விரித்து, மேலே சந்தனம், குங்குமம், கதம்பம். பக்கத்தில் அப்பாவின் சுத்தியலும் கை ரம்பமும்.

“அம்மா! என்னம்மா இது?”

“சரஸ்வதி பூசைடா.”

“பூசை நாளன்னிக்குத்தானே? அதுவும் ஒரு நாள்தானே வைப்பாங்க?”

“அது ஊர்ல சின்னச் சின்ன புத்தகத்துக்கு. இத்தாம் பெரிய புத்தகத்துக்கு ஒரு நாள் போதுமா? மூணு நாள் வைக்கணும். விசயதசமி காலையில எடுத்துக்க.”

“விஜயதசமி அன்னிக்குத்தாம்மா பரீட்சை!”

“பாத்தியா, எப்பிடி அமைஞ்சிருக்கு!” என்றார் அப்பா, பூரித்துப் போய்.

“நடுவுல நான் படிக்கணும்ப்பா.”

“என் சுத்தியலே சும்மா இருக்கு, ஒம்புத்தகத்துக்கு என்ன கொள்ளை? பூசையில வச்சதைத் தொட்டா படிச்சதும் போயிரும்டா.”

அப்பளம் மாதிரி புத்தகம் வாங்கியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். எடைக்கு ஏற்ற பூஜை.

அந்த மூன்று நாளைப்போல நான் தவித்ததில்லை. நாலடி தூரத்தில் பாஸுக்கு அடுத்த சொல் முதல் இஸட் வரை சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் தொடக் கூடாது. கதம்பத்தைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு விரலால் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். சமையற்கட்டிலிருந்து, “பூ நல்லாத்தான் இருக்கு, வுடு” என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். மத்தியானம் பிராஸ் பாசாவுக்கு ஓடினேன்.

“நானா, அந்த மெல்லிசு இருக்கா? நின்னுக்கிட்டே ஒரு பார்வை பாத்துட்டுத் தந்துடறேன்.”

“அத ஒரு சீனப் பையன் அப்பவே வாங்கிட்டுப் போயிட்டான் தம்பி. அன்னிக்கே சொல்ல வந்தேன், ‘ஆனா’ன்னு. ஒங்க அத்தா எங்க நின்னாரு?” என்றார். அப்புறம், “கேக் புத்தகம் வேணா பாக்குறீங்களா?” என்று ஆறுதலாகக் கேட்டார்.

வேறு வழியில்லை. ஏ முதல் பி வரை தெரிந்ததை வைத்தே எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுத எழுத, பயம் குறைந்து ஒரு திமிர் வந்தது. எல்லாம்தான் இருக்கிறதே! ‘டூ’ என்று போட்டால் ஒன்று முதல் ஐம்பது வரை தானே சுற்றிச் சுற்றி வரும். அது டியில் படித்தாயிற்று. வர்க்கமூலத்துக்குச் சொல் கரும்பலகையில் கிடைத்தது. ‘ஃபார்மட்’ என்று போட்டு, விடை எந்த இடத்தில், எத்தனை தசமத்தோடு வர வேண்டும் என்று அழகாக வரைந்து காட்டினேன், அது எஃப். கடைசியில் முடிவுக்கு ‘எண்ட்’, அது இ. வேறென்ன வேண்டும்? ஒருவனைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னால், போட்டுவிட்டு விடையைச் சொல்லாமலா உட்கார்ந்திருப்பான்?

ஒன்றே ஒன்று சேர்த்தேன். ஐம்பது கணக்கை ஒரே மூச்சில் போட்டால் புதுக் கம்ப்யூட்டர் சூடாகிவிடாதா? அப்பாவின் கடையில் லாரியில் சங்கிலி ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு சுமைக்கும் ஒரு நிமிஷம் நின்றுதான் அடுத்ததைத் தூக்குவார்கள். சுற்றுக்கு உள்ளே, ஒவ்வொரு வர்க்கமூலத்துக்குப் பிறகும், புதிதாகக் கற்றுக்கொண்ட ‘சற்று நில்’லைப் போட்டேன். எனக்கே கண் கலங்கியது. இயந்திரத்திடம் இவ்வளவு கருணையாக எழுதப்பட்ட புரோகிராம் அதற்கு முன்னால் உலகத்தில் இருந்திருக்காது.

எழுதிய தாளைப் பரீட்சைக்கு முந்தின நாளே அட்டையில் துளை போடுகிற பிரிவில் கொடுத்துவிட வேண்டும். அந்தத் துளைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும்; ஒரு வரிக்கு ஓர் அட்டை. அங்கே சரோஜா என்ற பெண் வேலை பார்த்தாள். (அவளைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பவள் அவள்தான்.) தாளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவ்வளவுதானா சார்?”

“இவ்வளவுதான்.”

“லிம்மோடதுல இன்னும் ஒரு வரி இருந்துச்சு.”

“லிம் சின்னப் புத்தகம் படிச்சவன்” என்றேன்.

அவள் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். கொடுத்ததைக் கொடுத்தபடி துளை போட வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம்.

விஜயதசமி காலை. அம்மா கற்பூரம் காட்டி, புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று அப்பா. நெற்றியில் எனக்குத் திருநீறு, அட்டையில் அதற்குக் குங்குமம். புத்தகமும் நானும் இரண்டு பேருமாகப் பஸ் ஏறினோம்.

கண்ணாடி அறையில் பெரிய துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு வெளியே துளை போடும் பெண்கள் வரிசையாக. முதலில் லிம். அவன் அட்டைகளைச் செல்லத்துரை உள்ளே கொடுத்தார். கொஞ்ச நேரம் உறுமல். பிறகு அச்சு இயந்திரம் படபடவென்று அடித்தது. ஐம்பது வரி. பத்தி கொஞ்சம் கோணல்தான். என் ஃபார்மட்டுக்கு முன்னால் நிற்காது. துரை தலையை ஆட்டினார்.

அடுத்து என் அட்டைகள். உறுமியது. நின்றது. ஒரு விளக்கு எரிந்தது.

“நிண்டுட்டுது,” என்றார் செல்லத்துரை, முகம் வெளுத்துப் போய். “என்ன ஐசே, என்ன செய்தனீர்?”

“ஒண்ணுமில்ல சார். நான்தான் நிக்கச் சொல்லியிருக்கேன். அந்தப் பொத்தானை அமுக்குனா போகும்.”

அமுக்கினார். ஒரு நொடி உறுமல். நின்றது. விளக்கு.

“திரும்பவும் நிண்டுட்டுது.”

“ஆமா சார். இது ரெண்டு.”

“ரெண்டோ? எத்தினை தரம் நிக்கும்?”

“ஐம்பது சார்.”

“ஏன் ஐசே நிப்பாட்டினனீர்?”

“களைச்சுப் போகும்னு…”

செல்லத்துரை என்னைப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. ஆனால் பெரிய துரை நிற்கிறார். நடுவில் விட்டுவிட முடியாது. அமுக்கினார். நின்றது. அமுக்கினார். நின்றது. அந்தப் பொத்தானை வேறு ஒருவர் தொட அவர் விடமாட்டார். பத்தாவது தடவைக்குக் கண்ணாடிக்கு வெளியே பெண்கள் எண்ண ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்காது, வாய் அசைவு தெரியும். இருபதில் செல்லத்துரை விரலை மாற்றினார். முப்பதில் கையை மாற்றினார். நாற்பதில் துரை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் ஏதாவது பிரார்த்தனையில் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். கடைசியில் எல்லாம் சேர்த்து அச்சாகும். அப்போது தெரியும் இவர்களுக்கு என்று ஒரே நம்பிக்கையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஐம்பது. விளக்கு அணைந்தது. அமைதி.

செல்லத்துரை அச்சு இயந்திரத்திடம் போய்த் தாளை இழுத்தார். வெள்ளை வெளேரென்று வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வெள்ளை.

“விடை எங்க?”

“உள்ள இருக்கும் சார்.”

“உள்ள இருந்து ஆருக்குப் பிரயோசனம்? ரைட் எங்க? ‘எழுது’ எண்டு நீர் சொல்லேல்லையே!”

அப்போதுதான் அந்தப் பதினோரு ‘வரும்’ ஒன்றாகச் சேர்ந்து என் தலையில் இறங்கின. ஐம்பது வர்க்கமூலத்தையும் அது ஒழுங்காகக் கண்டுபிடித்திருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் அடுத்ததைப் போட்டு அழித்திருக்கிறது. வாசலில் தேர்க்கோலம் போட்டு வைத்துவிட்டு, கதவைத் திறக்க மறந்திருக்கிறேன்.

“ரைட், டபிள்யூவுல வருது சார்,” என்றேன். “நான் பி வரைக்கும்தான் படிச்சேன்.”

துரை எழுந்து போனார். போகிற போக்கில் லிம்மின் கையைக் குலுக்கினார். கண்ணாடி அறைக் கதிரை அதோடு முடிந்தது.

செல்லத்துரை என்னைத் தனியாக அழைத்தார். மேசை காலி செய்யச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நான் என் பேனாவைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போனேன்.

“கொண்டாரும் அந்தப் புத்தகத்தை.” கொடுத்தேன். விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தார். “இது என்ன, புத்தகமோ கோயிலோ?” ஒரு பக்கம் திருப்பினார். இன்னொன்று. அப்புறம் மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தார். ஏ முதல் பி வரை ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்பு. ‘இருபதாம் பக்கத்தில் வேறு மாதிரி சொல்கிறது.’ ‘இங்கே ஓர் எண் பிழை.’ ‘வரும்.’ ‘வரும்.’

“இவ்வளவையும் நீர் வாசிச்சனீரோ? ஒரு பக்கமும் விடாமல்?”

“பி வரைக்கும் சார்.”

சாவிக் கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்தார். உள்ளே அந்த விளக்கக் கோப்பு. அதன்மேல் முழங்கை உயரத்துக்குத் தாள். பழைய பக்கத்தை எடுத்துவிட்டு இந்தப் பக்கத்தைச் சேர்க்கவும் என்று கம்ப்யூட்டர்காரர்கள் மாசாமாசம் அனுப்பிய திருத்தப் பக்கங்கள். ஒன்றுகூடக் கோப்புக்குள் போகவில்லை.

“இதை வாசிச்சு அடுக்க எனக்குப் பொறுமை இல்லை. லிம்முக்கும் இராது. உம்மைக் கம்ப்யூட்டருக்குக் கிட்ட விடமாட்டன், விளங்குதோ? ஆனா இந்த அலுமாரி உமக்கு.” சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார். “டபிள்யூவில இருந்து துவங்கும்.”

கட்டடத்துக்கு வெளியேயும் போகவில்லை, கண்ணாடி அறைக்கு உள்ளேயும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அலமாரிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பணி ஓய்வு பெறும்வரை கோப்பும் புத்தகமும்தான் என் உத்தியோகம். எந்தப் புத்தகத்தை வாங்குவது, யாருக்கு எதைக் கொடுப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு. புதிதாக வருகிறவர்கள் நேராகத் தடித்த புத்தகத்துக்குத்தான் கையை நீட்டுவார்கள். மெல்லிசைக் கொடுத்து, “மொதல்ல இத முடிங்க. அவசரம்னா டபிள்யூ மட்டும் பாத்துட்டுப் போங்க” என்பேன். காரணம் சொன்னதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எண்ணியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா, லிம்மிடம் நான் கேட்டு வாங்கி வந்திருந்த மெல்லிசைக் கையில் ஏந்திப் பார்த்தார். கண்ணை மூடினார். “கனமில்லையேடா,” என்றார், தராசே பொய் சொல்லிவிட்டதைப்போல. அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். அதையும் ஏந்திப் பார்த்தார். “இது பித்தளை. நல்ல சாமான்.” மறுநாள் ஜாலான் புசாரில், கம்ப்யூட்டரின் சாவியே என் மகன்கிட்டத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டார். மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரோஜாவிடம், ரைட் இல்லை என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டேன். “பெரிய புத்தகம் படிச்சவராச்சே, ஏதோ பெருசாத் திட்டம் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றாள். பிள்ளைகள் எந்தப் பரீட்சைக்குப் போனாலும் இந்த வீட்டில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “டபிள்யூ பாத்தாச்சா?” சரஸ்வதி பூஜைக்கு அந்தத் தடித்த புத்தகம் இன்றைக்கும் மேலே ஏறும். சரோஜா அதை மூடி வைப்பதில்லை. டபிள்யூ பக்கத்தில் விரித்துத்தான் வைப்பாள்.

இதை எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். வயதாகிவிட்டது, அந்தக் கண்ணாடி அறைப் பகுதியில் மூச்சு வாங்கியது, கொஞ்சம் நிறுத்தினேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு விரலை நீட்டி என் தோளில் அமுக்கினாள்.

மேலே படித்தேன்.